ரேடியம் தந்த மேரி கியூரி அம்மையார்

உலகம் போற்றும் விஞ்ஞானிகளுள் ஒருவர் மேரி கியூரி அம்மையார். இவர் போலந்து நாட்டின் வார்சா நகரில் 1867 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் நாள் பிறந்தார். தந்தை ஆசிரியர், தாய் பெண்கள் பள்ளியொன்றின் தலைமையாசிரியையாக இருந்தவர். பத்து வயதிலேயே மேரி தாயை இழந்தார். ருஷ்ய ஆட்சியில் இருந்த வார்சாவில் அந்நாளில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபட்டுக் கிடந்தது. தமக்கை பாரிஸில் மருத்துவம் பயில்வதற்காக, மேரி செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பணம் அனுப்பினார். பின்னர் 1891 இல் தாமும் பாரிஸ் சென்று பயின்றார்.

1895 இல் விஞ்ஞானி பியரி கியூரியை மணந்தார். கூரை ஒழுகும் பழைய கொட்டகையே அவர்களுடைய ஆய்வுக்கூடம். 1898 இல் இருவரும் பொலோனியம், ரேடியம் என்னும் தனிமங்களைக் கண்டறிந்தனர். டன் கணக்கான கனிமக் கழிவை மேரி தம் கைகளாலேயே காய்ச்சிக் கிளறினார். 1902 இல் கிடைத்ததோ ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு! பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தால் செல்வம் குவிந்திருக்கும். ஆனால் அவர்கள் அதை உலகுக்கே வழங்கினர்.

1903 இல் பௌதிகத்திற்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். 1906 இல் வண்டி மோதிக் கணவர் இறந்தார். துயரிலும் ஆய்வைக் கைவிடாத மேரிக்கு 1911 இல் வேதியியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தது. முதல் உலகப் போரில் எக்ஸ்ரே வண்டிகளுடன் சென்று, காயமுற்ற வீரர்களுக்குத் தொண்டாற்றினார்.

இருளில் ஒளிர்ந்த ரேடியத்தின் தீமையை அந்நாளில் எவரும் முழுதும் உணரவில்லை. புற்றுநோயைத் தீர்க்க உதவிய அக்கதிர்களே நலமான உடலையும் அரிப்பவை. இரத்தம் ஊறாத நோயினால் 1934 ஆம் ஆண்டு ஜூலை 4 ஆம் நாள் அம்மையார் மறைந்தார்.

அவர் கண்ட பொலோனியம் 138 நாட்களில் பாதியாகிவிடும். ரேடியம் பாதியாகவோ சுமார் 1600 ஆண்டுகள் வேண்டும். எஞ்சியதில் பாதி குறைய மேலும் 1600 ஆண்டுகள்! இதனையே அரை ஆயுட்காலம் என்கிறோம். ரேடியத் துகள் படிந்த அவருடைய குறிப்பேடுகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் ஈயம் பொதிந்த பெட்டிகளில் உள்ளன. ஆபத்தை அறிந்தே பார்ப்பதாகக் கையொப்பமிட்ட பின்னரே அவற்றைக் காண முடியும். கி.பி. 3500 அளவில்தான் அந்த ரேடியம் பாதியாகும்!

தோழியரே! அம்மையாரின் உழைப்பையும் தன்னலமின்மையையும் நாம் பின்பற்றுவோம். நூறு தலைமுறைக்கும் நீடிக்கும் பொருளைக் கையாளும்போது, பின்வருவோரையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே அக்குறிப்பேடுகள் நமக்குப் புகட்டும் பாடம்.