ஓவியராக விரும்பிய விஞ்ஞானி

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சேர்வதென்று முடிவானபோது, எனது வர்ணப் பெட்டியை உம்மா அலுமாரியின் மேல் தட்டில் எடுத்து வைத்தார். இனி வரைய நேரமில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்தேன். நரம்புத் தொகுதி பற்றிப் படித்தபோது சந்தியாகோ ரமோன் இ கஹால் என்பவரின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன். அந்த எண்ணம் மாறிவிட்டது.

கஹால் 1852 மே 1ஆம் திகதி ஸ்பெயின் நாட்டில் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தார். தந்தை வைத்தியர். மகனுக்கோ எந்நேரமும் படம் வரைவதிலேயே நாட்டம். ஓவியத்தை வீண் வேலையாகக் கருதிய தந்தை, படிப்பில் மனம் பதியாத மகனை முடிதிருத்துபவரிடமும் சப்பாத்துத் தைப்பவரிடமும் வேலை பழக அனுப்பினார். பின்னர் அவரே ஒரு வழி கண்டார். 1868இல் பழைய இடுகாட்டில் கிடந்த எலும்புகளைக் காட்டி உடற்கூறு கற்பித்தார். எலும்புகளை வரைய வரைய மகனுக்கு மருத்துவம் பிடித்துப்போயிற்று.

1873இல் வைத்தியரானார். இராணுவத்துடன் கியூபாவுக்குச் சென்று மலேரியாவால் மெலிந்து நாடு திரும்பினார். 1885இல் பரவிய கொலரா நோய் பற்றி அவர் செய்த ஆய்வுக்காகச் சரகோசா மாகாண நிர்வாகம் ஒரு நல்ல நுணுக்குக்காட்டியைப் பரிசளித்தது. 1887இல், இத்தாலியரான கமில்லோ கொல்கி கண்டுபிடித்த வெள்ளிச் சாயமூட்டும் முறையைக் கற்றார். அதில் ஒருசில நரம்புக்கலங்கள் மட்டும் முழுமையாகக் கறுத்துத் தெரியும். மூளை முழுவதும் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்பதே கொல்கி உள்ளிட்ட பலரின் கருத்து. கஹாலோ தான் கண்டதை வரைந்து, ஒவ்வொரு நரம்புக்கலமும் தனித்தனியானது என்று 1888இல் எழுதினார். அதை வெளியிடச் சொந்தப் பணத்தில் ஒரு சஞ்சிகையே நடத்தினார்.

அந்தக் கருத்துக்குக் கடுமையான சோதனை ஒன்று செவிப்புலப் பாதையிலிருந்து வந்தது. காதிலிருந்து வரும் செய்தி முதலில் மூளைத்தண்டை அடைகிறது. அங்கே ஒரு நரம்பு நாரின் முனை, உருண்டையான ஒரு கலத்தைக் கிண்ணம்போலக் கவ்வி நிற்பதை 1893இல் ஜேர்மனியரான ஹான்ஸ் ஹெல்ட் விவரித்தார். கிண்ணமும் கலமும் ஒன்றாக இணைந்துவிடுகின்றன என்பது பின்னர் அவரது முடிவாயிற்று. அது உண்மையாயின் கஹாலின் கொள்கை அங்கேயே உடைந்திருக்கும். கஹாலும் அதே இடத்தை ஆராய்ந்து வரைந்தார். அவை தொடுகின்றன, ஆனால் கலக்கவில்லை என்பதில் உறுதியாக நின்றார்.

அந்தக் கிண்ணம் எதற்கு என்று இன்று தெரியும். ஒரு காதின் செய்தி அதன் வழியே தாமதமின்றி மறுபக்கத்துக்குக் கடக்கிறது. கிண்ணத்துக்குள் இருக்கும் கலம் அடுத்த கலத்தை அடக்குகிறது. அந்த அடுத்த கலத்தை மற்றக் காதின் செய்தி தூண்டுகிறது. அடக்கலும் தூண்டலும் ஒப்பிடப்படுவதால், சத்தம் எப்பக்கம் பலமாக ஒலித்தது என்பது புலப்படுகிறது. வீதியைக் கடக்கும்போது பஸ் ஹோர்ன் எங்கிருந்து வருகிறதென்று நாம் சட்டெனத் திரும்பிப் பார்ப்பது இத்தகைய ஏற்பாடுகளால்தான். செவிப்புலன் எத்தகைய அருட்கொடை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

1906இல் நோபல் பரிசு கஹாலுக்கும் கொல்கிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்த மேடையிலும் கொல்கி தனது வலைக் கொள்கையை விடவில்லை. கஹால் 1934 ஒக்டோபர் 17ஆம் திகதி காலமானார். நரம்புக்கலங்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளியை 1950களில்தான் இலத்திரன் நுணுக்குக்காட்டி தெளிவாகக் காட்டியது. அதைக் காண அவர் இருக்கவில்லை.

தந்தை வீணென்று தடுத்த ஓவியமே மகனுக்கு ஆய்வுக் கருவியாயிற்று. அத்தந்தை எலும்புகளைக் காட்டியிராவிட்டால் அந்த ஓவியம் மூளைவரை சென்றிருக்குமா என்பதும் சந்தேகமே. இதை வாப்பாவிடம் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் கதிரையை இழுத்துப் போட்டு, அலுமாரியின் மேலிருந்த வர்ணப் பெட்டியை எடுத்துத் தந்தார். இப்போது எனது செயன்முறைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது.