கார்ல் பியர்சன்

கார்ல் பியர்சன் (மார்ச் 27, 1857 – ஏப்ரல் 27, 1936) இங்கிலாந்தைச் சேர்ந்த கணிதவியலாளர், புள்ளியியலாளர். புள்ளியியலைத் தனித் துறையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர். கை-வர்க்கச் சோதனையை உருவாக்கியவர் இவரே.

வாழ்க்கை

லண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் பயின்று 1879 ஆம் ஆண்டுத் தேர்வில் மூன்றாம் இடம் பெற்றார். பின்னர் ஜெர்மனியில் பயின்றார், சட்டமும் கற்றார். 1884 இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியரானார். 1901 இல் கால்டன், வெல்டன் ஆகியோருடன் இணைந்து பயோமெட்ரிக்கா இதழைத் தொடங்கினார்.

கை-வர்க்கச் சோதனை

1900 இல் வெளியான கட்டுரையில் இச்சோதனையை அறிமுகப்படுத்தினார். கண்டறிந்த எண்ணிக்கைக்கும் எதிர்பார்த்த எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாடு தற்செயலாக நேரக்கூடியதா என்பதை இது அளவிடுகிறது. வெல்டன் 12 பகடைகளை 26,306 முறை உருட்டிப் பெற்ற தரவுகளை இதற்குப் பயன்படுத்தினார். 5 அல்லது 6 விழுந்தவை 33.77 விழுக்காடு, எதிர்பார்த்ததோ 33.33 விழுக்காடு. அற்பமாகத் தோன்றும் இவ்வேறுபாடு, இத்தனை வீச்சுகளில் தற்செயலாக நேர்ந்திருக்க இயலாது என்றும், பகடைகள் சமச்சீரற்றவை என்றும் பியர்சன் முடிவு செய்தார். வேறுபாடு உண்டு என்பது வேறு, அது பெரியது என்பது வேறு. மாணவர்கள் பலர் குழம்பும் இடம் இது.

ஃபிஷருடன் முரண்பாடு

தடுப்பூசி பெற்றோர், பெறாதோர் என்ற இரு குழுக்களில் நோயுற்றோரை ஒப்பிடும் அட்டவணையில் நான்கு கட்டங்கள் உள்ளன. இதற்கான கட்டின்மைக் கூறுகளின் எண்ணிக்கையைப் பியர்சனின் முறை 3 எனக் கொண்டது. வரிசை, நிரல் ஆகியவற்றின் கூட்டுத்தொகைகள் தரவிலிருந்தே பெறப்படுவதால் ஒரு கட்டம் தெரிந்தால் மற்றவை தாமே கிடைத்துவிடும். எனவே அது 1 என்று 1922 இல் ரொனால்ட் ஃபிஷர் நிறுவினார். இது சிறு திருத்தம் அன்று. கை-வர்க்க மதிப்பு 5 எனில், 5 விழுக்காட்டு அளவில் பியர்சனின் எல்லையான 7.81 ஐ அது எட்டாது. குழுக்களிடையே வேறுபாடு உறுதிப்படவில்லை என்றாகும். ஃபிஷரின் எல்லையான 3.84 ஐயோ அது கடந்துவிடும். ஒரே தரவுக்கு இரு முரணான முடிவுகள். பியர்சன் இத்திருத்தத்தை அதே ஆண்டில் மறுத்து எழுதினார். ஃபிஷரின் முறையே நிலைபெற்றது.

இனமேம்பாட்டியல்

பியர்சன் இனமேம்பாட்டியலின் தீவிர ஆதரவாளர். 1911 இல் அத்துறையின் முதல் கால்டன் பேராசிரியரானார். 1925 இல் யூதக் குடியேறிகளின் குழந்தைகளைப் பிறருடன் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வைக் குடியேற்றத்துக்கு எதிரான வாதமாகப் பயன்படுத்தினார். எண்களைக் கொண்டே முடிவுக்கு வர வேண்டும் என்று வலியுறுத்தியவரின் பணியில் இது பெருங்களங்கமாகும்.

1933 இல் ஓய்வு பெற்றார். அவரது துறை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. புள்ளியியல் பிரிவு அவர் மகன் ஈகான் பியர்சனுக்கும், கால்டன் பேராசிரியர் பதவி ஃபிஷருக்கும் சென்றன. 1935 இல் அளிக்க முன்வந்த சர் பட்டத்தை ஏற்க மறுத்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி, தன் கட்டடம் ஒன்றுக்கு இட்டிருந்த அவரது பெயரை 2020 இல் நீக்கியது.