வீதியிலே நோய் கண்ட மேதை: ஜேம்ஸ் பார்க்கின்சன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

முன்னுரை

இறந்த பின்னும் பெயர் நிலைத்து நிற்கும் பேறு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தவர்களிலும், ஒரு நோயின் பெயராகவே நிலைத்துவிட்டவரின் நிலை இரங்கத்தக்கது. பார்க்கின்சன் என்றதும் நடுங்கும் கை ஒன்றுதான் நம் கண்முன் வருகிறது. அப்பெயருக்குரிய மனிதரை நினைப்பார் சிலரே. எங்கள் வீட்டுக்குள் அந்நோய் நுழைந்த பிறகே நானும் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

என் தாத்தா திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் குளத்தருகே நாற்பது ஆண்டுகள் பூக்கட்டி விற்றவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பாடப்புத்தகங்களெல்லாம் அவர் தொடுத்த மல்லிகைச் சரத்தால் வந்தவை. மூன்றாண்டுகளுக்கு முன் அவருடைய வலக்கைக் கட்டைவிரல் தானாகவே நடுங்கத் தொடங்கியது. அரசு பொது மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கு நரம்பியல் மருத்துவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி கையைப் பற்றியதன்று, மூக்கைப் பற்றியது. தாத்தாவுக்கு வாசனை தெரிகிறதா என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கேள்வியின் பொருள், நான் கூற வரும் இவ்வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

இளமையும் கல்வியும்

ஜேம்ஸ் பார்க்கின்சன் 1755-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் லண்டன் நகரையொட்டிய ஹாக்ஸ்டன் என்னும் பகுதியில் பிறந்தார். தந்தையார் ஜான் பார்க்கின்சன் அங்கேயே மருந்து கலந்து கொடுத்து அறுவை மருத்துவமும் செய்து வந்தவர். மகன் தந்தையிடமே தொழில் பயின்றார். 1776-இல் லண்டன் மருத்துவமனையில் சில மாதங்கள் பயிற்சி பெற்றார். 1784-இல் அறுவை மருத்துவராக ஏற்கப்பட்டார். அதற்கு மறு ஆண்டு, புகழ்பெற்ற ஜான் ஹண்டரின் சொற்பொழிவுகளைக் கேட்டு, அவற்றைச் சுருக்கெழுத்தில் குறித்து வைத்தார். பெரிய பட்டங்களையும் பதவிகளையும் தேடி அவர் ஊரை விட்டுப் போகவில்லை. பிறந்த பகுதியிலேயே ஏழை எளியவர்களுக்கு மருத்துவம் பார்த்து வாழ்ந்தார்.

பன்முக ஆற்றல்

மருத்துவர் என்பதோடு அவர் அடங்கிவிடவில்லை. பாமர மக்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று போராடிய சங்கமொன்றில் உறுப்பினராகி, ஓல்டு ஹியூபர்ட் என்ற புனைபெயரில் அரசைச் சாடித் துண்டு நூல்கள் எழுதினார். 1794-இல், மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நச்சு அம்பு எய்து கொல்லச் சதி நடந்ததாகக் கூறப்பட்ட வழக்கில், பிரதமர் பிட் இருந்த அவையின் முன்னே நின்று அஞ்சாது சாட்சியம் அளித்தார்.

தொல்லுயிர்ப் படிவங்களைத் தேடிச் சேர்த்து, 1804 முதல் 1811 வரை மூன்று தொகுதிகளாக ஒரு பெருநூல் வெளியிட்டார். 1807-இல் லண்டன் புவியியல் கழகத்தைத் தோற்றுவித்த பதின்மூவரில் அவரும் ஒருவர். குடல்வால் வெடித்து ஒரு சிறுவன் இறந்ததைத் தம் மகனோடு சேர்ந்து 1812-இல் விவரித்தார். விலங்கியல் மாணவனாகிய எனக்கு, இவர் பாறையில் உயிரின் தடம் தேடியதும் மனிதரில் நோயின் தடம் தேடியதும் ஒரே கண்ணின் வேலையாகத் தோன்றுகின்றன.

1817-ஆம் ஆண்டு நூல்

தமது 62-ஆம் வயதில் அவர் நடுக்குவாதத்தைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் விவரிக்கப்பட்டவர்கள் ஆறே பேர். முதலாமவர் ஒரு தோட்டக்காரர். வேறு இருவரை அவர் தெருவில் தற்செயலாகக் கண்டு பேச்சுக் கொடுத்தார். இன்னொருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. குனிந்த உடலையும், ஓட்டமாக மாறும் சிறு நடையையும், ஓய்ந்திருக்கும்போது நடுங்கும் கையையும் வீதியில் கண்டே ஒரு நோயை அடையாளங் காட்டிவிட்டார். பைகிராப்ட்ஸ் சாலையில் நாள்தோறும் எத்தனை பேர் நம்மைக் கடந்து செல்கின்றனர்! நாம் யாரைக் கண்டு நின்றிருக்கிறோம்?

அந்நூலில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொரு செய்தி. இந்நோய் மிக மெதுவாகவும் நுட்பமாகவும் தொடங்குவதால், என்று தொடங்கியது என்பதை நோயாளியால் சொல்ல முடிவதில்லை என அவர் குறித்தார். தாம் எந்த நோயாளியின் மூளையையும் அறுத்துப் பார்த்ததில்லை என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். உடற்கூற்றறிஞர்கள் முன்வந்து ஆராய வேண்டும் என்றும், நோய் முற்றாமல் நிறுத்தும் வழி விரைவில் காணப்படும் என்றும் நம்பினார். கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் தொடங்கி முகுளம் வரை நோய் ஏறுகிறது என்பது அவருடைய ஊகம். ஐம்புலன்களுக்கு ஊறில்லை என்றும் எழுதினார். இந்த ஓரிடத்தில் அவர் தவறிவிட்டார்.

இறுதி நாட்கள்

1824-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், பக்கவாதத்தால் தாக்குண்டு அப்பெரியார் மறைந்தார். அவருடைய உருவப்படம் என்று உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. அவர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ இந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டினார்.

அவர் விட்டுச் சென்ற வினா

நோய் எங்கே, எப்போது தொடங்குகிறது? 1912-இல் லூயி என்ற ஜெர்மானியர் நோயாளிகளின் மூளைச் செல்களுக்குள் உருண்டைப் படிவுகளைக் கண்டார். 1919-இல் டிரெட்டியாகாஃப், நடுமூளையில் கரிய நிறமுள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்னும் சிறு பகுதி அழிவதைக் காட்டினார். டோபமைன் என்ற பொருளைச் சுரந்து உடலசைவைச் சீராக்கும் செல்கள் அங்கே உள்ளன. கை நடுங்கும் காலத்திற்குள் அவற்றில் ஏறத்தாழப் பாதி அழிந்துவிடுகின்றன. ஆக, நடுக்கம் என்பது நோயின் தொடக்கமன்று. பாதிக் கதை முடிந்த பின் அடிக்கும் மணி.

முன்பாதிக் கதையை 2003-இல் ஜெர்மனியின் ஹைக்கோ பிராக் குழுவினர் வெளியிட்டனர். நோய்க்குறி ஏதுமின்றி இறந்த சிலருடைய மூளைகளிலும் அதே படிவுகள் இருந்தன. அவை முதலில் காணப்பட்ட இடங்கள் இரண்டு: ஒன்று முகுளம், மற்றொன்று வாசனையை அறியும் நுகர்ச்சிக் குமிழ். அங்கிருந்தே அவை மெல்ல நடுமூளைக்கு ஏறுகின்றன என்பது அவர்கள் கருத்து. எல்லா நோயாளிகளிடமும் இவ்வரிசை பொருந்துவதில்லை. ஆயினும் மூக்கு மங்குவதும், மலச்சிக்கலும், கனவில் கை கால்களை உதறிக் கத்துவதும் நடுக்கத்திற்குப் பல ஆண்டுகள் முன்னரே வரக்கூடும் என்பது இன்று தெளிவு. வாசனை தெரியாதவர்க்கெல்லாம் இந்நோய் வரும் என்று யாரும் அஞ்ச வேண்டாம். சளியும் கொரோனாவும்கூட மூக்கை மங்கச் செய்யும்.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தாத்தா கோயம்பேட்டில் பூவை முகர்ந்து பார்த்தே வாங்குபவர். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோதே, இக்காலத்து மல்லிகைக்கு மணமில்லை என்று உரத்தின் மீது பழி சொல்ல ஆரம்பித்தார். ஒருநாள் முதல்நாள் சரத்தைப் புதுச்சரத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். நீர் தெளித்த பூ கண்ணுக்குப் புதிதாகவே தெரியும், மூக்குதான் காட்டிக்கொடுக்கும். வாங்கிய அம்மாள் திரும்பி வந்து, ஏமாற்றுக்காரர் என்று தெருவே கேட்க ஏசினார். நானும் வெட்கப்பட்டு, பல நாள் கடைப்பக்கம் போகாதிருந்தேன். இரவில் அவர் உதறிக் கத்தியதற்கு ஆயா மந்திரித்த கயிறு கட்டினார். ஏமாற்றும் இல்லை, பேயும் இல்லை. நோய் அன்றே அவர் தலைக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

நம் சேப்பாக்கத்தின் பங்கு

திருவல்லிக்கேணிக்கு அண்டையிலுள்ள சேப்பாக்கத்திற்கும் இக்கதையில் இடமுண்டு. 1937-இல் அங்கிருந்த சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்னும் இருவர், பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். உடலில் டோபமைனாக மாறும் அப்பொருளே, 1960-களில் இந்நோய்க்கு மருந்தாயிற்று. தாத்தா இன்று மருத்துவர் சொற்படி விழுங்கும் மாத்திரையில் இருப்பதும் அதுதான். அவர் பூ விற்ற இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அது பிரித்தெடுக்கப்பட்டது என்று அறிந்தபோது நான் அடைந்த வியப்புக்கு அளவில்லை.

முடிவுரை

அம்மாத்திரை நடுக்கத்தைக் குறைக்கிறது. செல்களின் அழிவை நிறுத்துவதில்லை. நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. அப்படி ஒன்று வருமாயின், கை நடுங்குவதற்கு முன்னரே அதைக் கொடுத்தால்தான் முழுப்பயன் கிட்டும். அதனால்தான் உலகெங்கும் ஆய்வாளர்கள் நோயின் முதற்சுவடுகளைத் தேடுகின்றனர். பார்க்கின்சன் கொண்ட நம்பிக்கை இன்னும் கைகூடவில்லை. வழி மட்டும் தெரிந்திருக்கிறது.

அன்றே நாங்கள் அறிந்திருந்தாலும் தாத்தாவின் நோயைத் தடுத்திருக்க முடியாது. ஆனால் அவர் மீது பழி விழுந்த அன்று, நான் அவர் பக்கத்தில் நின்றிருப்பேன். மாணவ நண்பர்களே! நம் வீட்டுப் பெரியவர்களின் சிறு மாற்றங்களை முதுமை என்றும் பிடிவாதம் என்றும் ஒதுக்காமல், வீதியில் போன அயலாரையும் நின்று உற்று நோக்கிய அப்பெரியாரைப் போல நாமும் நின்று நோக்குவோமாக.

இப்போது மாலையில் பூத்தொடுப்பது நான். தாத்தா அருகில் அமர்ந்து எண்ணிக் கொடுக்கிறார். எது நேற்றைய பூ என்று முகர்ந்து சொல்வது என் வேலை.