நோயாளியின் அருகே ஒரு வகுப்பறை

செங்கல்பட்டிலிருந்து தெற்கே செல்லும் ரயில், மதுராந்தகத்தைக் கடந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் திண்டிவனத்தை அடைகிறது. 1890-களின் தொடக்கத்தில், அந்த ஊரின் மிஷன் பங்களா ஒன்றில் இருபது வயது கடந்த அமெரிக்கப் பெண் ஒருவர் தங்கியிருந்தார். நோயுற்ற தாயைக் கவனிப்பதற்காக வந்தவர். இந்தியாவில் வாழும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை. ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, அவருடைய வாயிற்படியில் வந்து நின்றனர். ஒருவர் பிராமணர், மற்றொருவர் இஸ்லாமியர், மூன்றாமவரும் உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்றார் அந்தப் பெண். அந்நிய ஆண் ஒருவர் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடுவதை மூவருமே ஏற்கவில்லை. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

அந்த அமெரிக்கப் பெண்தான் பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஐடா சோபியா ஸ்கடர். அவர் மருத்துவரானதற்குக் காரணமாக இந்த நிகழ்ச்சி நூறாண்டுக்கும் மேலாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதில் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. அன்றிரவு அந்த மூன்று வீடுகளுக்கும் உடனடியாகத் தேவைப்பட்டவர், முறையாகப் பயிற்சி பெற்று, சிக்கலான பிரசவத்தை அடையாளம் காணத் தெரிந்த ஒரு பெண். அவர் பட்டம் பெற்ற மருத்துவராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. தேர்ச்சி பெற்ற செவிலியராகவோ மருத்துவச்சியாகவோ இருந்திருந்தாலும் மூவரில் ஒருவரேனும் பிழைத்திருக்கக் கூடும். செவிலியர் கல்வியில் தேசியத் தகுதித் தரங்களைப் புகுத்துவது பற்றிப் பேசப்படும் இந்நாளில், ஐடாவின் வாழ்க்கையை அந்தக் கோணத்திலிருந்து திரும்பிப் பார்ப்பது பயனுடையது.

1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர், யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணியாற்றிப் பின்னர் சென்னைக்கு வந்தவர். தந்தையின் பெயரும் ஜான், அவரும் மருத்துவரே. பல சகோதரர்களுக்கு இடையே ஒரே பெண் குழந்தையான ஐடா, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தைச் சிறுமியாகக் கண்ணால் கண்டவர். இந்தியாவை விட்டு விலகி வாழ வேண்டும் என்று அவர் விரும்பியதற்கு அந்த நினைவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

திண்டிவனத்து இரவுக்குப் பின் அவர் அமெரிக்கா திரும்பி மருத்துவம் பயின்றார். பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்த கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் பெற்றார். ஷெல் என்ற வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலருடன், 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூருக்கு வந்து சேர்ந்தார். சில மாதங்களிலேயே தந்தை காலமானார். வழிகாட்ட மூத்த மருத்துவர் இல்லை. மருத்துவமனைக் கட்டடமும் இல்லை. தங்கியிருந்த பங்களாவிலேயே ஒற்றைப் படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். உதவிக்கு இருந்தவர் சலோமி, வீட்டு வேலையாள் ஒருவரின் மனைவி. கட்டுப் போடவும், கருவிகளைக் கொதிநீரில் இடவும், நோயாளியின் நாடியைக் கவனிக்கவும் அவருக்கு ஐடாவே கற்றுக்கொடுத்தார். வேலூரின் செவிலியர் கல்வி அந்தப் பங்களாவில், ஒரே ஆசிரியர், ஒரே மாணவி, ஒரே நோயாளி என்ற அளவில் தொடங்கியது எனலாம்.

1902-இல் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. அறுவை சிகிச்சைகள் பெருகின. அறுவை முடிந்த பின் இரவு முழுவதும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போதிய ஆள் இல்லை. மருத்துவர் ஒருவரின் கைத்திறன் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அடுத்த பன்னிரண்டு மணி நேரத்தைக் கவனிக்கத் தெரிந்தவர் இல்லாவிடில் அது வீணாகும் என்பதை அவர் அனுபவத்தில் கண்டார். 1909-இல் டீலியா ஹூட்டன் என்ற பயிற்சி பெற்ற செவிலியரின் துணையோடு வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. மருத்துவப் பள்ளி வருவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னர் நடந்தது இது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐடா செவிலியர் கல்வியின் சிந்தனையாளர் அல்லர். அவர் மருத்துவர், தம் மருத்துவமனைக்குத் திறமையான கைகள் வேண்டியிருந்தன, ஆகவே பள்ளி பிறந்தது. அதன் அன்றாடச் சுமையைத் தாங்கியவர்கள் ஹூட்டனும் அவருக்குப் பின் வந்தவர்களும். அன்றைய பயிற்சி முறையிலும் குறைகள் உண்டு. உலகெங்கும் போலவே இங்கும் மாணவிதான் வார்டின் ஊழியர். படிப்பு, வேலை நேரம் போக எஞ்சிய பொழுதுக்கு உரியது.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் நான்கு மாணவியருடன் பயிற்சி தொடங்கிய காலத்திலிருந்தே, இந்தத் தொழிலுக்குப் பெண்கள் வருவது அரிதாக இருந்தது. பிறர் உடலைத் தொடுவதும் கழிவை அகற்றுவதும் இழிவெனக் கருதிய சமூகம் இது. மருத்துவமனைக்கு மருத்துவமனை பயிற்சியும் வேறுபட்டது. ஓரிடத்தில் தேர்ந்தவர் இன்னோரிடத்தில் எதைச் செய்வார், எதைச் செய்யத் தெரியாமல் நிற்பார் என்று யாராலும் உறுதி கூற இயலவில்லை. இதனை உணர்ந்த தென்னிந்திய மிஷன் மருத்துவமனைகள், 1910-களிலேயே செவிலியர் தேர்வுக்கெனப் பொது வாரியம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டன. அரசின் பதிவுச் சட்டம் 1926-இல்தான் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பொதுத் தகுதித் தரம் என்ற எண்ணம் நம் மண்ணுக்குப் புதியதன்று என்பதற்கு இவை சான்று.

1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஐடா தொடங்கினார். பெண்கள் விண்ணப்பிப்பார்களா என்பதிலேயே மாகாண மருத்துவத் துறைத் தலைவருக்கு ஐயம் இருந்தது. முதலாண்டு அரசுத் தேர்வை எழுதிய 14 மாணவியரும் தேர்ச்சி பெற்றபோது அந்த ஐயம் தீர்ந்தது. எல்.எம்.பி. என்ற உரிமச் சான்றிதழுக்கான பள்ளி அது. பட்டப் படிப்பு அன்று.

அவர் வாழ்வின் கடுமையான சோதனை அதிலிருந்தே வந்தது. 1930-களின் இறுதியில், எல்.எம்.பி. பயிற்சியை முடிவுக்குக் கொண்டுவருவதென்றும், மருத்துவம் கற்பிக்கும் நிறுவனங்கள் பல்கலைக்கழகத்துடன் இணைந்து எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர வேண்டும் என்றும் சென்னை மாகாண அரசு முடிவு செய்தது. உயர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள், கூடுதல் படுக்கைகள், முழுமையான ஆய்வகங்கள் என்று நிபந்தனைகள் நீண்டன. ஐடாவுக்கு அப்போது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. இருபதாண்டு உழைப்பு ஓர் அரசாணையில் மறைந்துவிடும் நிலை. தம் பள்ளியின் மாணவியர் சிற்றூர்களில் ஆற்றிய சேவையைக் காட்டி விலக்குக் கேட்டிருந்தால், அதில் நியாயம் இல்லையென்று எவரும் சொல்லியிருக்க முடியாது. அவர் தேர்ந்தெடுத்த வழி, தரத்தை எட்டுவது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அமெரிக்கா சென்று, ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார்.

இந்தக் கட்டத்தில்தான் செங்கல்பட்டு வேலூரின் வரலாற்றுக்குள் நுழைகிறது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தின் பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் காக்ரேன். தொழுநோய் மருத்துவத்தில் உலகறிந்த பெயர். 1940-களில் அவர் வேலூரின் முதல்வர் பொறுப்பையும் ஏற்று, கல்லூரியை உரிய தரத்துக்கு உயர்த்தும் பணியில் முன்னின்றார். பிற்காலத்தில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையில் புகழ்பெற்ற பால் பிராண்டை வேலூருக்கு அழைத்ததும், அவரைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிச் சென்று அந்த நோயாளிகளின் கைகளைப் பார்க்க வைத்ததும் காக்ரேனே. அந்தத் திருமணி இல்லத்தை 1955-இல் மத்திய அரசு ஏற்றது. தொழுநோய் கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்குமான மத்திய நிறுவனமாக அது இன்றும் இயங்குகிறது.

தரத்தை எட்டுவதற்கு ஐடா கொடுத்த விலை பெரிது. பெண்களுக்காகப் பெண்கள் நடத்தும் நிறுவனம் என்பதே அவர் கனவு. தேவையான ஆதரவும் ஆசிரியர்களும் கிடைக்க வேண்டுமானால் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்ற நிலை வந்தது. நீண்ட தயக்கத்துக்குப் பின் அவர் இணங்கினார். பல்லாண்டுகள் தோள் கொடுத்த தோழி லூசி பீபாடி அதை ஏற்க மறுத்து விலகினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்புகள் தொடங்கின, 1947-இல் ஆண்களும் சேர்ந்தனர். இடையில் 1946-இல், செவிலியர் பள்ளி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரியாகி, பி.எஸ்சி. நர்சிங் பட்டப் படிப்பைத் தொடங்கியது. அதே ஆண்டில் தில்லியிலும் இத்தகைய கல்லூரி பிறந்தது. இந்தியாவின் முதல் செவிலியர் பட்டப் படிப்புகள் இவையே. நாடு முழுவதற்கும் சுமார் 7,000 செவிலியரே உள்ளனர் என்று போர் குழு அறிக்கை சுட்டிக்காட்டியதும் அதே 1946-இல்தான். அடுத்த ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது.

இந்த வரலாற்றை இன்றைய நிலையோடு வைத்துப் பார்க்கலாம். இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்திய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் 2021-இல் அரசிதழில் வெளியானது. எட்டு பருவங்கள், மதிப்புப் புள்ளி முறை, பொம்மை உடல்களைக் கொண்ட பயிற்சிக் கூடம், செய்முறையை நிலையம் நிலையமாகச் சோதிக்கும் ஆஸ்கி தேர்வு, லாக்புக் எனப்படும் செயல்முறைப் பதிவேடு ஆகியவை அதில் இடம்பெற்றன. நோயாளியை மையமாகக் கொண்ட பராமரிப்பு, பாதுகாப்பு, தகவல் பரிமாற்றம், குழுப் பணி, சான்றுகளின் அடிப்படையிலான செயல்பாடு என்று பத்து அடிப்படைத் தகுதிகளை அது வரையறுக்கிறது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. எழுத்தளவில் குறை கூற அதிகம் இல்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தில் செவிலியர் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையிலான கடற்கரைக் குப்பங்களில் சமுதாய நலப் பயிற்சிக்காக வரும் மாணவியரைச் சீருடையுடன் காணலாம். கையில் படிவங்கள் இருக்கும். வீட்டு எண், குழந்தைகளின் எண்ணிக்கை, தடுப்பூசி விவரம் எல்லாம் நிரப்பப்படும். உடன் வரும் ஆசிரியர் ஒருவர், மாணவியரோ பலர். பத்து மாணவியருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. வார்டிலும் ஒரே கட்டிலைச் சுற்றிப் பலர் நின்று, ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் காட்சி தமிழகத்துக்குப் புதியதன்று. பார்த்ததும் செய்ததும் ஒரே கட்டத்தில் ஒரே கையொப்பத்தைப் பெற்றுவிட்டால், தகுதித் தரம் பாடத்திட்டத்தில் ஏறிய பின்பும் மாணவியின் கைக்கு வந்து சேராது.

அதன் விளைவு எங்கே தெரியும்? குப்பத்துப் பெண் ஒருத்தி நள்ளிரவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்போது தெரியும். அங்கே அவளுக்குப் பிரசவம் பார்ப்பவர் பெரும்பாலும் செவிலியரே. குழந்தை பிறந்த பின் வெளியேறும் ரத்தத்தின் அளவைக் கணிப்பது, ஆக்சிடோசின் ஊசியை உரிய நேரத்தில் செலுத்துவது, கருப்பை சுருங்குகிறதா என்று கையால் உணர்வது, எந்த நிமிடத்தில் 108 ஆம்புலன்ஸை அழைத்துச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவெடுப்பது ஆகிய நான்கும் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும். பொம்மை உடலில் முதல் மூன்றைப் பழகலாம். நான்காவது, அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் அருகில் நின்று வழிகாட்ட, உண்மையான இரவுப் பணியில்தான் வரும்.

ஆகவே செலவு செய்ய வேண்டிய இடம் வார்டு. மூத்த செவிலியருக்குக் கற்பிக்கும் பொறுப்பையும் அதற்கான நேரத்தையும் ஊதியத்தையும் தராமல், பதிவேட்டில் கையொப்பமிடும் கடமையை மட்டும் அவர்மீது ஏற்றுவது பயனளிக்காது. இரவில் ஒற்றை ஆளாக வார்டைப் பார்த்துக்கொள்பவர் யாருக்கு எதைக் கற்பிக்க முடியும்? மாணவர் சேர்க்கை இடங்களை, கட்டடத்தின் சதுர அடியைக்கொண்டு கணக்கிடுவதைக் காட்டிலும், ஒரு மாணவி தன் கையால் பார்க்கக்கூடிய பிரசவங்களையும் நோயாளிகளையும் கொண்டு கணக்கிடலாம். இதனால் சில கல்லூரிகளின் இடங்கள் குறையக்கூடும். 1938-இல் வேலூரின் முன் இருந்த கேள்வியும் இதற்கு ஒப்பானதே.

ஐடா 1946-இல் ஓய்வு பெற்றார். பின்னர் ஹில்டா லாசரஸ் அந்த நிறுவனத்தின் முதல் இந்தியத் தலைவரானார். கொடைக்கானலில் தம் மலையில்லத்தில் தோட்ட வேலையும் நண்பர் கூட்டமுமாக இறுதி ஆண்டுகளைக் கழித்த ஐடா, முதுமையிலும் டென்னிஸ் ஆடியவர். 1960 மே மாதம் தம் 89-ஆம் வயதில் காலமானார். அவர் காலத்திலேயே வேலூரின் பட்டதாரிச் செவிலியர் பிற ஊர்களில் வார்டுப் பொறுப்பும் ஆசிரியப் பொறுப்பும் ஏற்கத் தொடங்கியிருந்தனர்.