கலிங்கத்திலிருந்து எழுந்த சிறகுகள்

அரியலூர் மாவட்டத்து மக்களுக்குக் கலிங்கம் என்ற பெயர் புதிதன்று. ஜயங்கொண்டம் என்ற ஊர்ப் பெயரைக் கேட்டவுடனேயே தமிழ் படித்தவர்களுக்குக் கலிங்கத்துப்பரணி பாடிய ஜயங்கொண்டார் நினைவுக்கு வருவார். அதற்கு அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்துதான் முதலாம் இராஜேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டு வாக்கில் ஸ்ரீவிஜயத்தின் மீதும் கடாரத்தின் மீதும் கப்பற்படையை ஏவினான். கடல் கடந்து தென்கிழக்காசியாவுக்குச் சென்ற மரபு நமக்கு மட்டும் உரியதன்று. கலிங்கத்து வணிகர்களும் சாவகம், பாலி ஆகிய தீவுகளுக்குப் பாய்மரக் கப்பல்களில் சென்றவர்களே. கட்டாக் நகரில் ஆண்டுதோறும் கார்த்திகைப் பெளர்ணமியையொட்டி நடைபெறும் 'பாலி யாத்திரை' விழா அந்த நினைவின் எச்சம்தான்.

அந்தக் கட்டாக் நகரில் 1916 மார்ச் 5-ஆம் தேதி பிறந்தவர் பிஜு பட்நாயக். அவருடைய முன்னோர்கள் கடல் வழியே சென்ற நாட்டுக்கு அவர் வான் வழியே சென்றார். விமானி, தொழிலதிபர், விடுதலைப் போராட்ட வீரர், முதலமைச்சர், மத்திய அமைச்சர் எனப் பல முகங்கள் கொண்ட அவரை இன்றைய தமிழ் இளைஞர்கள் பெரும்பாலும் நவீன் பட்நாயக்கின் தந்தையாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். இது அவருக்கு நியாயமான அறிமுகம் அல்ல.

எங்கள் தலைமுறையினருக்கு விமானம் என்பது எட்டாத வியப்பு. பெரம்பலூர் வட்டாரத்து மானாவாரி நிலங்களில் சோளமும் பருத்தியும் விளைந்த நாள்களில், வானில் இரைச்சல் கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு வெட்டவெளிக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தவர்கள் நாங்கள். புள்ளியாக மறையும் வரை கண்ணெடுக்காமல் பார்த்துவிட்டுப் பிறகு வேலைக்குத் திரும்புவோம். அதற்கும் ஒரு தலைமுறைக்கு முன்பு, பறப்பது ஆங்கிலேயருக்கும் அரச குடும்பத்தினருக்குமே உரியது என்று கருதப்பட்ட காலத்தில், நடுத்தரக் குடும்பத்து இளைஞர் ஒருவர் விமானியாக முடிவு செய்தார் என்பதன் பொருள் எங்களுக்கு நன்றாகவே விளங்கும்.

பிஜு நான்கு சுவர்களுக்குள் அடங்கி வளர்ந்தவர் அல்லர். கட்டாக் ராவென்ஷா கல்லூரியில் படித்தபோது விளையாட்டில் முன்னணியில் நின்றார். அந்நாளில் கட்டாக்கிலிருந்து பெஷாவர் வரை நண்பர்களுடன் மிதிவண்டியிலேயே பயணம் செய்தார். நல்ல சாலைகளும் தங்குமிடங்களும் அரிதாக இருந்த காலம் அது. நாட்டின் குறுக்காக மிதித்துச் சென்ற அந்த இளைஞர் வறுமையையும் வெயிலையும் மொழிகளின் பன்மையையும் புத்தகத்தில் படிக்கவில்லை, நேரில் கண்டார். பட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு விமானப் பயிற்சியில் சேர்ந்தார். இந்தியன் நேஷனல் ஏர்வேஸ் நிறுவனத்தில் விமானியானார்.

இரண்டாம் உலகப் போர் அவர் வாழ்க்கையின் முதல் திருப்பம். ஜப்பானியப் படைகள் பர்மாவுக்குள் நுழைந்தபோது, ரங்கூனில் சிக்கிய ஆங்கிலேயக் குடும்பங்களை மீட்டுவரும் பணியில் ஈடுபட்டார். அதே கைகள்தாம், அதே காலத்தில், 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின் தலைமறைவுத் தலைவர்களை இரகசியமாக விமானத்தில் ஏற்றிச் சென்றன. ஆட்சியாளர்களின் உயிரைக் காப்பது மனிதக் கடமை, அவர்களுடைய ஆட்சியை எதிர்ப்பது அரசியல் கடமை என இரண்டையும் அவர் பிரித்தறிந்தார். விளைவாக 1943-இல் கைது செய்யப்பட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார்.

போர் முடிந்ததும், உபரியாகிப்போன டகோட்டா விமானங்களை வாங்கிக் கலிங்கா ஏர்லைன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1947 ஜூலை 21-ஆம் தேதி, விடுதலையை அறிவித்துவிட்ட இந்தோனேசியா மீது டச்சுப் படை தாக்குதலைத் தொடங்கியது. அந்நாட்டின் முதல் பிரதமராக இருந்த சுதன் ஷாரீரை உலக அரங்கில் பேசச் செய்ய வேண்டும் என்று நேரு விரும்பினார். டச்சு விமானங்கள் வட்டமிட்ட வானத்தினூடே தம் டகோட்டாவை ஜாவாவுக்கு ஓட்டிச் சென்றார் பிஜு. துணைவியார் ஞான் பட்நாயக்கும் அப்பயணத்தில் உடன் சென்றார். ஷாரீர் சிங்கப்பூர் வழியாகத் தில்லி வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவையில் தம் நாட்டுக்காக வாதிட்டார்.

இது சாகசக் கதைபோலத் தோன்றலாம். ஆனால், அபாயம் உண்மையானது. ஷாரீர் வெளியேறிய சில நாள்களிலேயே, ஜூலை 29 அன்று, சிங்கப்பூரிலிருந்து மருந்துப் பொருள்களை ஏற்றிச்சென்ற பிஜுவின் மற்றொரு டகோட்டா, யோக்யகர்த்தா அருகே டச்சு விமானங்களால் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்தவர்களில் ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார். அந்நாட்டு அரசு பின்னாளில் பிஜுவுக்குப் 'பூமி புத்ரா' என்ற சிறப்பை அளித்ததை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று, காஷ்மீரைக் காக்கப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு டகோட்டாக்கள் ஸ்ரீநகரில் இறங்கின. விமானப் படை விமானங்களோடு தனியார் நிறுவனங்களின் விமானங்களும் அப்பணியில் பயன்பட்டன. முதல் விமானத்தை ஓட்டியவர் பிஜுவே என்பது ஒடிசாவில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் செய்தி.

1953-இல் எட்டுத் தனியார் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாகி இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானது. கலிங்கா அவற்றில் ஒன்று. அதற்குள் பிஜு குழாய் ஆலை உள்ளிட்ட தொழில்களில் கால் பதித்திருந்தார். அறிவியலை மக்களிடம் கொண்டு செல்வோருக்கு யுனெஸ்கோ வழங்கும் கலிங்கா பரிசு அவர் அளித்த கொடையால் உருவானது. 1957-இல் பெர்ட்ரண்ட் ரஸல் அப்பரிசைப் பெற்றார்.

1961-இல் தமது 45-ஆவது வயதில் ஒடிசாவின் முதலமைச்சரானார். பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தக் கட்டமே. மண்ணுக்குள் இரும்புத் தாதும் நிலக்கரியும் கொட்டிக்கிடக்க, மண்ணின் மேல் மக்கள் பசியோடிருந்த மாநிலம் அது. தாதுவை ஏற்றுமதி செய்யத் துறைமுகம் இல்லை. மத்திய அரசின் ஒப்புதலுக்காகக் காத்திராமல் மாநிலத்தின் சொந்த முயற்சியிலேயே பாராதீப் துறைமுகத்தைத் தொடங்கினார். 1962 ஜனவரியில் நேரு அடிக்கல் நாட்டினார். தைதாரிச் சுரங்கப் பகுதியிலிருந்து துறைமுகம் வரை விரைவுச் சாலை அமைக்கப்பட்டது. 1966-இல் பாராதீப் நாட்டின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.

ஆனால், துறைமுகம் மட்டும் வறுமையைத் தீர்த்துவிடவில்லை. 1950-களில் தொடங்கி 1990-களின் தொடக்கம் வரை நடைமுறையில் இருந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை, எஃகு நாடெங்கும் ஒரே விலையில் கிடைக்க வழி செய்தது. சுரங்கத்துக்கு அருகில் ஆலை அமைப்பதால் கிடைக்கும் இயற்கையான ஆதாயம் இதனால் அழிந்தது. ஒடிசாவும் பிகாரும் தாதுவைத் தோண்டிக் கொடுத்தன. ஆலைகள் வேறெங்கோ வளர்ந்தன. தம் மாநிலத்தில் இரண்டாவது பெரிய எஃகு ஆலை அமைய வேண்டும் என்பது பிஜுவின் நெடுங்கனவு. 1977 முதல் மத்திய எஃகு, சுரங்கத் துறை அமைச்சராகவே இருந்தும் அவரால் அதை நிறைவேற்ற முடியவில்லை.

அவருடைய அரசியலில் தமிழகத்தோடு பிணைந்த ஒரு பக்கமும் உண்டு. 1963-இல் பதவியைத் துறந்து கட்சிப் பணிக்குத் திரும்பும் 'காமராஜர் திட்டம்' வந்தபோது, காமராஜர் பதவி விலகிய அதே அக்டோபர் 2-ஆம் தேதி பிஜுவும் முதலமைச்சர் பதவியைத் துறந்தார். அத்திட்டத்தின்படி அமைச்சர் பதவியிலிருந்து விலகியவர்களில் ஒருவர் லால் பகதூர் சாஸ்திரி. 1956 நவம்பரில் மருதையாற்றுப் பாலத்தில் நேர்ந்த அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்தவர் அவர் என்பதை இம்மாவட்ட மக்கள் மறக்க மாட்டார்கள். பதவி விலகல் ஒரு அரசியல் நெறியாக மதிக்கப்பட்ட காலம் அது.

பிஜுவைக் குறையற்றவராகக் காட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் நன்மை ஆகாது. தொழிலதிபரே முதலமைச்சராகும்போது அரசின் கொள்முதலும் சொந்த நிறுவனங்களின் நலனும் கலந்துவிடும் என்ற குற்றச்சாட்டு அவர் மீது வலுவாக எழுந்தது. 1967 தேர்தலில், சென்னை மாநிலத்தைப்போலவே ஒடிசாவிலும் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. தொடர்ந்து நீதிபதி எச்.ஆர்.கன்னா தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. விமானிக்கு அணிகலனான துணிச்சல், நிர்வாகிக்குச் சில வேளைகளில் விதிகளைத் தாண்டும் அவசரமாக மாறிவிடுகிறது. இதுவும் அவர் வாழ்க்கை தரும் பாடமே.

நெருக்கடி நிலையின்போது மீண்டும் சிறை சென்றார். 1990-இல் மீண்டும் முதலமைச்சரானபோது, அரசமைப்புச் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பாகவே, 1992 ஊராட்சித் தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை ஒதுக்கினார். 1997 ஏப்ரல் 17 அன்று தில்லியில் காலமானார்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு இந்த வாழ்க்கை ஏன் தேவைப்படுகிறது? நம் காலடியிலும் கனிமம் இருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்த கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பி அரியலூரைச் சுற்றிலும் சிமென்ட் ஆலைகள் எழுந்துள்ளன. ஒடிசாவைப்போல் மூலப்பொருள் வெளியேறி ஆலை வேறிடத்தில் அமைந்த நிலை இங்கு இல்லை. ஆலைகள் இங்கேயே இருக்கின்றன. ஆயினும், தோண்டி முடித்த பள்ளங்களும் சாலைகளில் லாரிகளின் புழுதியும் உள்ளூர் மக்களின் பங்காக மிஞ்சியிருப்பதைக் காண்கிறோம். ஜயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக நிலம் கையகப்படுத்தப்பட்டு, திட்டம் வராமல், விவசாயிகள் பல்லாண்டுகள் அலைந்ததையும் கண்டோம்.

கனிமம் எடுக்கப்படும் மாவட்டத்துக்கே அதன் பயனில் ஒரு பங்கு சேர வேண்டும் என்பதற்காக 2015-இல் சட்டத் திருத்தத்தின் மூலம் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் உருவாக்கப்பட்டன. அந்த நிதி எந்த ஊருக்கு, எந்தப் பணிக்குச் செலவாகிறது என்பதை ஊராட்சி மன்றங்களில் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் நம்மிடையே வளரவில்லை. தில்லியின் ஒப்புதலுக்காகக் காத்திராமல் துறைமுகம் கட்டத் துணிந்தவரின் கதையைப் படிக்கும் நம் இளைஞர்கள், குறைந்தபட்சம் தங்கள் ஊர் கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று அந்தக் கணக்கைக் கேட்கலாம். அதற்குப் பெரிய சாகசம் எதுவும் தேவையில்லை.