கதவைத் தட்டுவது யார்?



எங்க வீடு அம்பத்தூரில். அப்பாவுக்கு எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை. அம்மா நர்ஸ். ரெண்டு பேருக்கும் ஒரே நாளில் நைட் ட்யூட்டி வந்தால் வீட்டில் நானும் தங்கச்சியும் மட்டும்தான். போன மழைக்காலத்தில் ஒருநாள் ராத்திரி 11 மணிக்கு யாரோ கதவைத் தட்டினாங்க. யாருன்னு கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரலை. லைட்டை அணைச்சிட்டு மூச்சுவிடாம உட்கார்ந்திருந்தோம்.

இதே பயம் சுமார் 60 வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் ஒரு நர்ஸுக்கும் இருந்தது. அவர்தான் மேரி வான் பிரிட்டன் பிரவுன்.

மேரி 1922 அக்டோபர் 30-ல் நியூயார்க் நகரத்தில், குயின்ஸ் பகுதியின் ஜமைக்கா என்ற இடத்தில் பிறந்தார். (ஜமைக்கா நாடு இல்லைங்க, அதே பேரில் ஒரு ஊர்ப்பகுதி!) கறுப்பினப் பெண்மணி. கணவர் ஆல்பர்ட் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். ரெண்டு பேருக்கும் வேலை நேரம் ஒத்துவராது. அதனால் மேரி பல இரவுகள் வீட்டில் தனியாக இருந்தார். அங்கே திருட்டு பயம் அதிகம். போலீஸைக் கூப்பிட்டாலும் வர நேரமாகும்.

மேரி பயந்துகிட்டே இருக்கலை. கணவரோடு உட்கார்ந்து தானே ஒரு கருவிக்குத் திட்டம் போட்டார். கதவில் வேறு வேறு உயரத்தில் பார்க்கும் துளைகள். உள்ளே மேலும் கீழும் நகரும் ஒரு கேமரா. வந்தவர் நெட்டையோ குட்டையோ, அவர் முகம் படுக்கையறை டி.வி.யில் தெரியும். மைக் வழியாகப் பேசலாம். ஆபத்து என்றால் ஒரு பட்டனை அழுத்தி உதவி கேட்கலாம். தெரிந்தவர் என்றால் இன்னொரு பட்டன், படுக்கையில் இருந்தே கதவைத் திறக்கலாம்!

கேமராவில் கண்காணிப்பது அதற்கு முன்பே உண்டு. 1942-ல் ஜெர்மனியில் ராக்கெட் ஏவுவதைப் பார்க்கப் பயன்படுத்தினார்கள். அதை வீட்டுக் கதவுக்குக் கொண்டுவந்தவர் மேரி. 1966 ஆகஸ்ட் 1-ல் விண்ணப்பித்து, 1969 டிசம்பர் 2-ல் காப்புரிமை வாங்கினார்கள். பின்னால் வந்த பல கண்டுபிடிப்பாளர்கள் இவர் காப்புரிமையைத் தங்கள் காப்புரிமைகளில் குறிப்பிட்டார்கள். 1999 பிப்ரவரி 2-ல், 76 வயதில் மேரி காலமானார்.

இப்போ எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். அன்னிக்குத் தட்டினது திருடன் இல்லை. மாடி வீட்டு தாத்தா! வீஸிங் வந்து பேச முடியாம, அம்மாவைத் தேடி வந்திருக்கார். எதிர் வீட்டு அண்ணன் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். தாத்தா இப்போ நல்லா இருக்கார். ஆனா எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே ரொம்ப நாள் கூச்சமா இருந்தது.

அப்புறம்தான் மேரியைப் பற்றிப் படிச்சேன். கதவு திறக்கும் அந்த இன்னொரு பட்டன்தான் என் மனசில் நின்னது. பாதுகாப்பு என்றால் பூட்டுவது மட்டும் இல்லை, யாருக்குத் திறக்கணும்னு தெரிவதும்தான்.

இப்போ எங்க கதவில் ரெண்டு லென்ஸ் இருக்கு. ஒண்ணு என் உயரத்துக்கு, ஒண்ணு தங்கச்சி உயரத்துக்கு. பின்கதவுக்கு நானே ஒரு அலாரம் செஞ்சேன். துணி கிளிப்பின் ரெண்டு வாயிலும் வயர் சுற்றி, நடுவில் ஒரு அட்டை. அட்டையிலிருந்து கதவுக்கு ஒரு நூல். கதவு திறந்தால் அட்டை உருவிக்கும், வயர் ரெண்டும் தொடும், 9 வோல்ட் பேட்டரியில் பஸ்ஸர் கத்தும். முதல்ல மாட்டினது எங்க அப்பாதான்!

தாத்தா இப்போ தட்டினால், லென்ஸில் பார்த்துட்டு உடனே திறந்துடுவோம்.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி