முற்றத்தைப் பள்ளியாக்கிய தாராபாய் மோதக்

புது தில்லி: நாடெங்கும் சுமார் 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள் இயங்கி வருகின்றன. அங்கன் என்றால் முற்றம். குழந்தைகள் ஓடியாடும் திறந்தவெளியையே அப்பெயர் குறிக்கிறது. அம்முறைக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் தாராபாய் மோதக்.

மும்பையில் 1892 ஏப்ரல் 19-ம் தேதி, பிரார்த்தனா சமாஜத்துடன் தொடர்புடைய குடும்பத்தில் பிறந்தவர் தாராபாய். பெண்கள் கல்லூரிப் படிப்பை எட்டுவதே அரிதாக இருந்த 1914-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அமராவதியைச் சேர்ந்த வழக்கறிஞருடன் நடந்த திருமணம் 1921-ல் மணமுறிவில் முடிந்தது. அதன் பின்னர் ராஜ்கோட்டில் பெண்கள் பயிற்சிக் கல்லூரியின் முதல்வரானார்.

பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-ல் தொடங்கிய பால மந்திர் அவரது வாழ்வின் திசையை மாற்றியது. அடியும் மிரட்டலும் இன்றி, குழந்தை தானே செய்து, விளையாடிக் கற்கும் இடமாக அப்பள்ளி விளங்கியது. உயர்ந்த ஊதியமும் பதவியும் தந்த பணியை உதறிவிட்டு கிஜுபாயுடன் இணைந்தார் தாராபாய். 1926-ல் இருவரும் நூதன் பால சிக்ஷண் சங்கத்தைத் தோற்றுவித்தனர். மான்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்கு முன்னரே, அவரது முறையை இந்தியச் சூழலுக்கு ஏற்ப மாற்றும் பணி பாவ்நகரில் தொடங்கிவிட்டது.

1936-ல் மும்பை திரும்பிய தாராபாய், தாதரில் சிசு விஹார் பள்ளியை நடத்தினார். நகரத்து நடுத்தரக் குடும்பங்களுக்கு மட்டுமே இக்கல்வி எட்டுவது அவருக்கு உடன்பாடாக இல்லை. எனவே 1945-ல் தாணே மாவட்டத்தின் போர்டி கிராமத்தில் பால்வாடி தொடங்கினார். அனுதாய் வாக் அங்குதான் அவருடன் இணைந்தார். 1957-ல் இப்பணி வார்லி பழங்குடியினர் வாழும் கோஸ்பாடு மலைக்கு விரிவடைந்தது.

பள்ளிக்குக் குழந்தைகள் வராதபோது, பள்ளியே குடியிருப்புகளைத் தேடிச் சென்றது. வீட்டு முற்றமும் மர நிழலும் வகுப்பறைகளாயின. குழந்தைகளைக் குளிப்பாட்டித் தலைவாரிய பிறகே பாட்டும் விளையாட்டும் தொடங்கின. விலை உயர்ந்த வெளிநாட்டுக் கருவிகளுக்குப் பதிலாகக் கூழாங்கற்கள், விதைகள், இலைகள், களிமண் ஆகியவை பயன்பட்டன. மாடு மேய்க்கும் சிறுவர்களுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே வகுப்பு நடந்தது. குழந்தைக்குப் பழகிய இடம், உறவினர்கள் கண்ணெதிரே விளையாட்டு என்பதால், பெற்றோரின் தயக்கமும் தணிந்தது.

பம்பாய் சட்டப்பேரவை உறுப்பினராகவும் பணியாற்றிய அவருக்கு 1962-ல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1973-ல் அவர் மறைந்தார். அடுத்த இரு ஆண்டுகளில், 1975 அக்டோபர் 2-ம் தேதி, மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. மையங்களுக்கு அங்கன்வாடி என்ற பெயர் நிலைத்தது.

பெயர் நிலைத்த அளவுக்கு முற்றம் நிலைக்கவில்லை. நகரங்களில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையிலேயே பல மையங்கள் இயங்குகின்றன. 30 குழந்தைகளுக்குக் குறைந்தது 30 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என 2013-ம் ஆண்டின் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை கூறுகிறது. அதாவது, குழந்தைக்கு ஒரு சதுர மீட்டர். அதுவும் கொள்கை அளவில்தான்.

அதே 2013-ல் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டம் அங்கன்வாடி உணவைச் சட்டப்பூர்வ உரிமையாக்கியது. 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளின் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் கட்டாயம் என்கிறது 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஆறு வயதுக்குட்பட்டோர் கல்வியோ, 2002-ல் செய்யப்பட்ட 86-வது திருத்தத்தின்படி, அரசியல் சட்டத்தின் 45-வது பிரிவில் வழிகாட்டு நெறியாகவே உள்ளது. அதை நிறைவேற்றும்படி நேரடியாக நீதிமன்றத்தை நாட வழியில்லை.

உணவு உரிமையாகிவிட்டது, விளையாட்டு இன்னும் ஆகவில்லை. தாராபாய் கோஸ்பாட்டில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. அவர் விட்டுச்சென்ற பெயரைத் தாங்கி நிற்கும் திட்டத்துக்கு முற்றத்தையும் மீட்டுத் தருவது நாடாளுமன்றத்தின் கையில் உள்ளது.